கடன் பெண் பேரில். கயிறு யார் கையில்?

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் குடும்பத்தோடு கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடனைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கூலி உயர்வு, போனஸ் என்றால் ஆண்கள் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்து உட்காருவார்கள். இன்று பாருங்கள், முன்வரிசை முழுவதும் தாய்மார்கள். ஆண் தோழர்கள் சுவரோரமும் தூணோரமுமாக நிற்கிறார்கள். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இன்று நம் வீடுகளில் கடன் பெண்ணின் பேரில் இருக்கிறது.

முன்பு அப்படியில்லை. பண்ணையாள் கலியாணச் செலவுக்கு மிராசுதாரிடம் கடன் வாங்கினான். அந்தக் கடனுக்காகத் தானும் உழைத்து, தன் மகனையும் பண்ணையில் விட்டுவிட்டுச் செத்தான். சீட்டில் இருந்தது அவனுடைய கைநாட்டு. 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்து அந்தச் சீட்டு செல்லாது என்றது. இன்று அந்தச் சீட்டு இல்லை. அதற்குப் பதில் வழவழப்பான அட்டை வந்திருக்கிறது. அதில் போட்டோ ஒட்டியிருக்கிறது. போட்டோவில் இருப்பது நம் வீட்டுப் பெண்.

ஏன் பெண்ணுக்குக் கொடுக்கிறார்கள்? பெண்ணை முன்னேற்றுவதற்காக என்கிறார்கள். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. அதை மறைக்க நான் வரவில்லை. ஆனால் கடன் கொடுக்கிறவனுக்கு வேறொரு விஷயமும் தெரியும். ஆண் ஊரைவிட்டே போய்விடுவான். பெண் அடுப்பையும் பிள்ளையையும் விட்டு எங்கே போவாள்? நாலு பேர் முன்னால் தலைகுனிய அவளுக்கு முடியாது. அவளுடைய மானம்தான் அவன் வாங்கி வைத்துக்கொள்ளும் அடகு.

வட்டிக் கணக்கு

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். தண்டல்காரர் 1,000 ரூபாய் என்பார். கையில் தருவது 850. நாளைக்கு 10 ரூபாயாக 100 நாளில் 1,000 ரூபாயைக் கட்ட வேண்டும். 150 ரூபாய் வட்டிதானே, போகட்டும் என்று தோன்றும். யோசித்துப் பாருங்கள். அந்த 850 ரூபாய் 100 நாளும் உங்களிடம் இருந்ததா? முதல் நாளே 10 ரூபாய் போய்விட்டது. 50-வது நாளில் பாதிதான் மிச்சம். சராசரி பார்த்தால் 430 ரூபாய் அளவுக்குத்தான் நீங்கள் 100 நாள் வைத்திருந்திருக்கிறீர்கள். அதற்கு 150 ரூபாய் வட்டி! வருஷக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு நூறைத் தாண்டிப் போகிறது. 2003-ல் தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. சந்தைக்குப் போய்க் கேளுங்கள், தண்டல் நின்றுவிட்டதா என்று.

தண்டலை விடக் கம்பெனிக் கடன் வட்டி குறைவு. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அங்கேயும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 10,000 ரூபாய்க்கு 12 சத வட்டி, 12 மாதத் தவணை, மொத்தம் 11,200 கட்டினால் போதும் என்று ஒருவன் சொன்னால், அது 12 சதம் அல்ல. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியை மட்டும் முழு 10,000-க்கும் போட்டிருக்கிறான். சரியாகக் கணக்கிட்டால் 21 சதத்துக்கு மேல் வருகிறது. பஞ்சாலையில் கவுண்ட் கணக்கும் பீஸ் ரேட்டும் பார்க்கத் தெரிந்த தோழர்களுக்கு இந்தக் கணக்குப் பெரிய வித்தையல்ல. ஆனால் எத்தனை பேர் வீட்டு அட்டையை வாங்கிப் பார்த்திருக்கிறோம்?

அடுத்தது குழு. கம்பெனிக்காரர் சொத்து ஜாமீன் கேட்பதில்லை. ஐந்து பேரோ பத்துப் பேரோ சேர்ந்து வாருங்கள் என்கிறார். ஒருத்திக்கு மற்றவர்கள் பொறுப்பு. வாரம் ஒருநாள், விடிந்தும் விடியாத நேரத்தில், ஒரு வீட்டுத் திண்ணையில் கூட வேண்டும். ஒருத்தி பணம் கொண்டுவரவில்லை என்றால் மற்றவர்கள் எழுந்து போக முடியாது. நாற்று நடவுக்கு ஆள் கிளம்பிவிடும். முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிடும். அப்புறம் என்ன நடக்கிறது? கம்பெனிக்காரர் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. நேற்றுவரை ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்த பெண்களே அவள் வீட்டு வாசலில் போய் நிற்கிறார்கள். அவள் வீட்டுப் பித்தளைக் குடம் அடகுக் கடைக்குப் போகிறது. இல்லாவிட்டால் அவள் இரண்டாவது கம்பெனியில் கடன் வாங்கி முதல் கம்பெனிக்குக் கட்டுகிறாள். பிறகு மூன்றாவது.

இந்தக் கடனே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. விதைப்புக்கும் அறுப்புக்கும் நடுவில் வேலை இல்லாத மாதங்களில் அரிசி வாங்கப் பணம் வேண்டும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டும். எவரும் கடன் தராவிட்டால் அவள் தண்டல்காரரிடம்தான் போவாள். ஏழைப் பெண்ணுக்குக் கடன் வேண்டும். அந்தக் கடனின் கயிறு யார் கையில் இருக்கிறது, அவள் தடுக்கி விழுந்தால் தாங்குவது யார் என்பதே கேள்வி.

இதற்கு விடை தேடி உங்களை ஓர் ஊருக்கு அழைத்துப் போகிறேன். அது பஞ்சாலை ஊர். ஆகையால் உங்களுக்கு அந்நியமாக இருக்காது.

அகமதாபாத்தின் சுமைகூலிப் பெண்கள்

கோயமுத்தூரைத் தென்னாட்டு மான்செஸ்டர் என்பார்கள். இந்தியாவின் மான்செஸ்டர் என்று பேர் வாங்கியது குஜராத்தில் உள்ள அகமதாபாத். சபர்மதி ஆற்றங்கரை ஊர். 1861-லேயே அங்கு நூல் மில் ஓடத் தொடங்கிவிட்டது. 1918-ல் அங்கு நடந்த வேலைநிறுத்தத்தில் காந்திஜி உண்ணாவிரதம் இருந்தார். 1920-ல் மில் தொழிலாளருக்குச் சங்கம் பிறந்தது. அந்தச் சங்கம் மத்தியஸ்தத்தையே பெரிதாக நம்பிய சங்கம். அந்த வழிமுறை பற்றி நம்மில் பலருக்கு வேறு கருத்து உண்டு. அது இன்றைய பேச்சல்ல.

அந்தச் சங்கம் 1954-ல் ஒரு மாதர் பிரிவை வைத்தது. மில் தொழிலாளியின் மனைவிக்குத் தையலும் பின்னலும் கற்றுக்கொடுக்கும் பிரிவு. ‘தொழிலாளி’ என்றால் ஆண். பெண் அவன் மனைவி. அப்படித்தான் அன்று எல்லாச் சங்கங்களும் நினைத்தன. நம் சங்கங்களும் விலக்கல்ல. அந்தப் பிரிவுக்கு 1968-ல் இளா பட் என்ற பெண் வழக்கறிஞர் தலைவியானார்.

துணிக் கடைவீதியில் மூட்டை சுமக்கும் பெண்கள், கைவண்டி இழுக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். மில்லில் நெய்த துணியை மில் வாசலிலிருந்து கடைக்கும், ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கும் தலையில் தூக்கிப் போவது இவர்கள். நடைக்கு இவ்வளவு என்று கூலி. எத்தனை நடை என்று எழுதிவைப்பது வியாபாரி. அவன் எழுதியதுதான் கணக்கு! 1971-ல் இவர்கள் சங்கத்து வாசலுக்கு வந்தார்கள். இளா பட் அவர்களுடைய இருப்பிடங்களுக்குப் போய்ப் பார்த்தார். கூலியில் நடக்கும் மோசடியை உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதினார்.

வியாபாரிகளுக்குக் கோபம் வந்துவிட்டது. நாங்கள் நியாயமான கூலிதான் கொடுக்கிறோம் என்று பத்திரிகையிலேயே மறுப்புப் போட்டார்கள். சங்கத்துப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த மறுப்பையே அட்டையில் அச்சடித்து, சுமைகூலிப் பெண்கள் கையில் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டார்கள்! ‘நீங்கள் தருவதாகச் சொன்ன கூலி இதோ அச்சில் இருக்கிறது, எடுங்கள்’ என்று கேட்கலாம் அல்லவா? இதைவிட நல்ல யுக்தியை நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை.

செய்தி பரவியது. பழைய துணி விற்கும் பெண்கள் வந்தார்கள். காய்கறிக்காரிகள் வந்தார்கள். வீட்டில் உட்கார்ந்து மில் கந்தலைத் தைப்பவர்கள் வந்தார்கள். சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். ‘சேவா’ என்று அதைச் சுருக்கிச் சொல்வார்கள். சுயதொழில் மாதர் சங்கம் என்று நாம் சொல்லலாம். பதிவு செய்யப் போனால் தொழிலாளர் இலாகா மறுத்தது. முதலாளி யார் என்று தெரியாத சங்கத்தை எப்படிப் பதிவு செய்வது என்று கேட்டது. நல்ல கேள்விதான்! வெள்ளரிக்காய் விற்கிறவளுக்கு முதலாளி யார்? வட்டிக்காரனா, மொத்த வியாபாரியா, மாமூல் வாங்கும் போலீஸ்காரனா? சங்கம் ஒரு முதலாளிக்கு எதிராக மட்டும் இருக்க வேண்டும் என்பதில்லை, உழைப்பவர்களின் ஒற்றுமைக்காகவும் இருக்கலாம் என்று வாதாடி 1972 ஏப்ரலில் பதிவு வாங்கினார்கள்.

பத்து ரூபாய்ப் பாங்கு

சங்கத்தில் பேச்சு எங்கே தொடங்கினாலும் வட்டியில்தான் வந்து முடிந்தது. காய்கறிக்காரி காலையில் கடன் வாங்கிச் சரக்கு எடுத்து, மாலையில் வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். வண்டிக்காரிக்குச் சொந்த வண்டி இல்லை, தினவாடகை. வாழ்நாள் முழுவதும் கட்டிய வாடகையைக் கூட்டினால் பல வண்டிகள் வாங்கியிருக்கலாம்.

1969-ல் சர்க்கார் 14 பெரிய பாங்குகளை நாட்டுடைமை ஆக்கியிருந்தது. ஏழைகளுக்குக் கடன் கொடுங்கள் என்று பாங்குகளுக்கு உத்தரவு. சங்கம் தன் பெண்களை அங்கே அனுப்பியது. என்ன ஆயிற்று? பாங்கு திறந்திருக்கும் நேரம் இவர்களுக்கு வியாபார நேரம். அழுக்குச் சேலையோடு, இடுப்பில் பிள்ளையோடு, சத்தமாகப் பேசிக்கொண்டு வந்த பெண்களைப் பாங்குக் குமாஸ்தாக்களுக்குப் பிடிக்கவில்லை. கட்டிய தவணையைப் பதிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மிச்சம் பிடித்துக் கொண்டுவந்த காசை வீட்டில் வைத்தாலோ புருஷன் எடுத்துக்கொண்டு போய்விடுவான். (பின்னால் நிற்கும் தோழர்கள் சிரிக்கிறார்கள். குஜராத்திக் கதைதான், உங்களைச் சொல்லவில்லை!)

அப்படியானால் நமக்கென்று ஒரு பாங்கு வைத்துக்கொள்வோம் என்று அந்தப் பெண்களே முடிவு செய்தார்கள். 1974-ல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டார்கள். பத்து ரூபாய் அன்று அவர்களுக்கு லேசான பணம் அல்ல. கூட்டுறவுப் பதிவாளருக்குச் சந்தேகம்: கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பாங்கு நடத்துவதா? பதிவுக் காகிதத்தில் கையெழுத்திட வேண்டிய பெண்கள் இராத்திரி முழுவதும் உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதிப் பழகி, மறுநாள் போய்க் கையெழுத்திட்டார்கள். கணக்கு வைத்த மற்றப் பெண்களுக்குப் பாஸ் புத்தகத்தில் போட்டோ ஒட்டினார்கள். கணக்கு நம்பரை ஒரு சிலேட்டில் எழுதி, அவள் அந்தச் சிலேட்டைப் பிடித்தபடி எடுத்த போட்டோ. அதுதான் அவள் கையெழுத்து.

இப்போது நம் ஊர்க் கடன் அட்டையில் ஒட்டியிருக்கும் போட்டோவையும் அந்தப் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஏழைப் பெண்தான். ஆனால் அகமதாபாத்துப் பெண் அந்தப் பாங்கின் பங்குதாரர். பாங்கின் நிர்வாகக் குழுவில் அவள் தெருக்காரி உட்கார்ந்திருந்தாள். அவள் கட்டிய வட்டி அவளுடைய பாங்குக்கே வந்தது. முதலில் சேமிப்பு, அப்புறம்தான் கடன். அந்தக் கடனில் வண்டியோ தையல் மெஷினோ வாங்கினால் பெண்ணின் பேரிலேயே இருக்கட்டும் என்று வற்புறுத்தினார்கள். வீடு என்றாலும் அப்படித்தான்.

தவணை தவறியவர்களைத் தேடிப் போனபோது

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான் வருகிறது. கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள்.

பாங்கு நடக்கத் தொடங்கியதும் சிலர் தவணை தவறினார்கள். எந்தப் பாங்கிலும் நடப்பதுதான். வட்டிக்காரனாக இருந்தால் ஆளை அனுப்புவான். கம்பெனியாக இருந்தால் மற்ற நாலு பெண்களை அனுப்பும். இவர்களும் ஆளை அனுப்பினார்கள். ஏன் கட்டவில்லை என்று கேட்டு வர. போனவர்கள் கண்டது என்ன? ஏமாற்றியவர்கள் குறைவு. நோயில் படுத்தவர்கள், பிரசவத்தில் உடல் கெட்டவர்கள், பிள்ளை பெறும்போதே செத்துப்போனவர்கள்! பிரசவத்துக்கு முந்தைய நாள் வரை மூட்டை சுமந்து, பெற்ற சில நாளிலேயே மறுபடி சுமக்கப் போனவர்கள்.

இந்த உண்மை தெரிந்தபின் இரண்டு வழி இருந்தது. ஒன்று, கர்ப்பிணிக்குக் கடன் இல்லை என்று விதி போடுவது. பாங்கு லாபத்துக்கு அதுதான் நல்லது. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. பிரசவ உதவித் திட்டம் வைத்தார்கள். வேலைக்குப் போகும் தாயின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் குழந்தைக் காப்பகம் வைத்தார்கள். உடல்நலப் பணிக்கு அந்தப் பெண்களிலிருந்தே ஆட்களைப் பழக்கினார்கள். 1992-ல் நோய், சாவு, வீட்டுச் சேதம் இவற்றுக்குச் சேர்த்து ஒரு காப்பீட்டுத் திட்டமும் வந்தது. எல்லாம் ஒரே நாளில் நடந்தவை அல்ல. இருபது வருஷ வேலை. ஆனால் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். கடன் திரும்பி வராத காரணம் பெண்ணின் மனசில் இல்லை, அவள் உடம்பிலும் கூலியிலும் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தார்கள்.

தர்மம் செய்யும் மனசினால் மட்டும் வந்த வேலையல்ல இது. கடன் கொடுத்த பாங்கும் கூலிக்குப் போராடிய சங்கமும் ஒரே பெண்களுடையவை. ஆகையால் வந்தது. பாங்கு தனியாக இருந்திருந்தால் அதுவும் ஒரு கடை ஆகியிருக்கும்.

மில் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 1980-களில் அகமதாபாத் மில்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஆயிரம் ஆயிரமாக ஆண்கள் வீதிக்கு வந்தார்கள். நிரந்தர வேலை, பி.எப்., கிராஜுவிட்டி என்று இருந்த குடும்பங்களில், கந்தல் தைத்தவளும் காய்கறி விற்றவளும் கொண்டுவந்த காசில் உலை கொதித்தது. ‘தொழிலாளியின் மனைவி’ என்று சங்கம் ஒருகாலத்தில் எழுதி வைத்திருந்ததே, அந்த மனைவி! அதற்குள் 1981-லேயே பழைய மில் சங்கம் சேவா பெண்களைத் தன்னிடமிருந்து வெளியேற்றிவிட்டது. இடஒதுக்கீட்டுக்கு எதிராகக் கலவரம் நடந்தபோது அவர்கள் தாழ்த்தப்பட்ட மக்கள் பக்கம் பேசியதே காரணம். வெளியே வந்தபின்தான் அவர்கள் சங்கம் பெருத்தது. இன்று அதன் உறுப்பினர் 20 லட்சத்துக்கு மேல். இளா பட் 2022-ல் காலமானார்.

பக்கத்து நாடும் பக்கத்து மாநிலமும்

சிறுகடன் என்றதும் பலரும் வங்கதேசத்தைச் சொல்வார்கள். சிட்டகாங் பக்கத்தில் ஜோப்ரா என்ற கிராமம். 1976-ல் முகமது யூனுஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர் அங்கே வட்டிக்காரர் பிடியில் இருந்த 42 பேருக்கு வேண்டியது மொத்தம் 856 டாக்காதான் என்று கண்டு, தன் கைப்பணத்தைக் கொடுத்தார். 1983-ல் அது கிராமீன் பாங்கு ஆயிற்று. 2006-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஐந்து பேர் குழு என்ற முறை உலகமெல்லாம் பரவியது அங்கிருந்துதான். ஆனால் பரவியவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிட்டுப் பரவினார்கள். கிராமீன் பாங்கின் பங்குகளில் மிகப் பெரும்பகுதி கடன் வாங்கும் பெண்களுடையது. குழுவை மட்டும் எடுத்துக்கொண்டு பங்கை விட்டுவிட்டால் என்ன ஆகும்?

ஆந்திரா காட்டியது. 2010-ல் அங்கே ஒரு பெரிய சிறுகடன் கம்பெனி தன் பங்குகளைச் சந்தையில் விற்று ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது. பங்கு வாங்கியவர்களுக்கு லாபம் காட்ட வேண்டும். லாபத்துக்கு மேலும் மேலும் கடன் தள்ள வேண்டும். ஒரே பெண்ணுக்கு நாலு கம்பெனி கொடுத்தது. வசூல் நெருக்கடியில் பெண்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் வந்தன. அதே வருஷம் அக்டோபரில் மாநில சர்க்கார் அவசரச் சட்டம் போட்டு வாரத் தவணையை நிறுத்தியது. ஜோப்ராவில் 856 டாக்காவில் தொடங்கியது எங்கே வந்து நின்றது பாருங்கள்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐதராபாத்தில் 104 பேட்டைகளை எடுத்து, பாதியில் சிறுகடன் கம்பெனியை முதலில் நுழையவிட்டு, மறுபாதியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலிய பொருளாதார நிபுணர்கள். ஏற்கெனவே கடை வைத்திருந்தவர்களில் சிலர் கடையைப் பெரிதாக்கினார்கள். ஆனால் குடும்பத்தின் சாப்பாட்டுச் செலவு உயரவில்லை; பிள்ளைகளின் படிப்பிலும் வீட்டில் பெண்ணின் அதிகாரத்திலும் மாற்றம் தென்படவில்லை. இது நம்மைப் போன்றவர்கள் சொன்னதல்ல. 2019-ல் நோபல் பரிசு வாங்கியவர்கள் சொன்னது.

கேரளத்தில் வேறு வழி போட்டார்கள். 1998-ல் குடும்பஸ்ரீ தொடங்கியது. பத்திலிருந்து இருபது வீட்டுப் பெண்கள் ஓர் அயல்கூட்டம். அவை சேர்ந்து வார்டில் ஓர் அமைப்பு. அதற்கு மேல் பஞ்சாயத்தில் ஓர் அமைப்பு. சேமிப்பும் கடனும் உண்டு. ஆனால் பஞ்சாயத்துப் பணமும் பஞ்சாயத்து வேலையும் அதன் வழியாக வருகின்றன. நிலமற்ற பெண்கள் சேர்ந்து தரிசைக் குத்தகைக்கு எடுத்து நெல்லும் காய்கறியும் பயிரிட்டார்கள். 2020-ல் கொரோனா காலத்தில் 20 ரூபாய்ச் சாப்பாட்டுக் கடைகளை நடத்தியவர்கள் இந்தப் பெண்கள்தான். பஞ்சாயத்தில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஆனபின் 2010 தேர்தலில் அயல்கூட்டத்திலிருந்து ஏராளமானவர்கள் மெம்பர் ஆனார்கள். அங்கேயும் குறை உண்டு, கடன் தொல்லையும் உண்டு. கம்பெனி நுழையாத நாடு எது?

நம் ஊரில் இரண்டு குழு

தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே பெண்கள் குழு 1989-ல் தர்மபுரி ஜில்லாவில் சர்க்கார் திட்டமாக வந்தது. 1997-ல் மகளிர் திட்டமாக விரிந்தது. 1992-லிருந்து நபார்டு இந்தக் குழுக்களைப் பாங்குகளோடு இணைத்தது. இந்தக் குழுவில் பெண்கள் வாராவாரம் சேமிக்கிறார்கள். அந்தப் பணத்தைத் தங்களுக்குள்ளேயே கடன் கொடுக்கிறார்கள். வட்டி குழுப் பெட்டிக்கே திரும்புகிறது. சேமிப்பைப் பார்த்துப் பாங்கு கடன் தருகிறது. இந்த மாதம் ஒருத்தி வீட்டில் சாவு விழுந்துவிட்டதென்றால், அடுத்த மாதம் கட்டட்டும் என்று சொல்லும் உரிமை குழுவுக்கு இருக்கிறது.

கம்பெனிக் குழுவில் சேமிப்புப் பெட்டி இல்லை. காத்திருக்கச் சொல்லும் உரிமையும் இல்லை. ஆனால் நாம் இரண்டையும் ‘குழு’ என்ற ஒரே பேரால் அழைக்கிறோம். சுயஉதவிக் குழுக்காரி என்று நினைத்துக் கம்பெனிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. 2018-ல் கஜா புயலில் தென்னையும் கூரையும் போன டெல்டாக் கிராமங்களில், நிவாரணம் வருவதற்கு முன்னே வசூல்காரர் வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2024 மார்ச்சில் நாடு முழுவதும் இந்தச் சிறுகடன் 4 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டி நின்றது. மிக அதிகமாகக் குவிந்த மாநிலங்கள் பிகாரும் தமிழ்நாடும்.

இவ்வளவு கடன் எதற்காக? மாடு வாங்கவா, கடை வைக்கவா? பாதி வீடுகளில் ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூடத்துக்கு, கலியாணத்துக்கு, பழைய கடனுக்கு. அதாவது கூலி போதாத இடத்தைக் கடன் நிரப்புகிறது. ஆலையில் ஈ.எஸ்.ஐ. உள்ள பெண்ணுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் ஊதியம் உண்டு, 2017-லிருந்து அப்படி. அது போராடிப் பெற்றது. அதே தெருவில் நாற்று நடும் பெண்ணுக்கு? சர்க்காரின் பிரசவ உதவித் தொகை உண்டு; அது தவணை தவணையாக, எப்போது வரும் என்று தெரியாமல் வருகிறது. பிள்ளை காத்திருக்குமா? அவள் அட்டையைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போகிறாள். ஆகவே அங்கன்வாடி நேரத்துக்குத் திறக்க வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்க வேண்டும், பிரசவத் தொகை பிரசவத்துக்கு முன்னே வர வேண்டும் என்று நாம் கேட்பதும் கடனைக் குறைக்கும் கோரிக்கைதான். இதை மாதர் சங்கம் மட்டும் கேட்டால் போதாது. ஆலைச் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் இவை ஏறட்டும்.

இப்போது சில காரியங்கள். 2022-ல் ரிசர்வ் பாங்கு சிறுகடனுக்கு விதிகள் வகுத்தது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து உண்மையான வருஷ வட்டி எவ்வளவு என்பதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். கடன் அட்டை நமக்குப் புரியும் பாஷையில் இருக்க வேண்டும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. தாமதத்துக்கு அபராதம் என்றால் பாக்கித் தொகைக்கு மட்டும், முழுக் கடனுக்கும் அல்ல. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைத்துத் தொந்தரவு செய்வது, மிரட்டுவது, சொந்தக்காரரிடமும் கூட வேலை செய்பவர்களிடமும் போய் அவமானப்படுத்துவது எல்லாம் கூடாத செயல்கள் என்று எழுதியிருக்கிறது. 2025-ல் தமிழ்நாடு சட்டமன்றமும் கட்டாய வசூலைத் தடுக்கச் சட்டம் நிறைவேற்றியது. காகிதத்தில் இருப்பது தானாக வாசலுக்கு வராது. வசூல்காரர் குரலை உயர்த்தும்போது பக்கத்து வீட்டுக் கதவு சாத்திக்கொண்டால் எந்த விதியும் உதவாது. அவரும் கமிஷனுக்கு உழைக்கும் சம்பளக்காரப் பையன்தான். அவரை அடிக்கப் போகாதீர்கள். பத்துப் பேராகப் போய் உட்கார்ந்து விதியைக் காட்டுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், எழுத்தில் புகார் கொடுங்கள்.

ஒருத்தி தவணை தவறினால் அவள் வீட்டுக்கு முதலில் போகிறவர் நம்முடைய ஆளாக இருக்க வேண்டும். குடத்தை எடுக்க அல்ல. ஏன் தவறியது என்று கேட்க.

வரும் ஞாயிற்றுக்கிழமை சங்க ஆபீஸில் கணக்குப் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறது. உங்கள் கடன் அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், ஒளித்து வைத்திருக்கும் மூன்றாவது அட்டையையும் சேர்த்து. ஆண்களும் வரட்டும். பத்தாவது படிக்கும் பிள்ளைகள் இருந்தால் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து அழைத்து வாருங்கள். காலை பத்து மணிக்கு ஆரம்பிக்கிறோம்.